பாங்குக்கு விழிக்கும் பிள்ளை

அதிகாலை நாலு நாற்பத்தாறு. கைப்பேசி வெளிச்சத்தில் நான் முதலில் பார்த்தது என் மகனின் திறந்த கண்களை.

அம்மாருக்கு அப்போது எட்டு மாதம். மெத்தையில் என் பக்கத்தில் கிடந்தான். அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுபஹ் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் அது. அந்த நேரத்தில் அவன் விழிப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கை முழுக்க அவனை ‘பாங்குப் புள்ள’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவள் அடுத்த வளவில் இருக்கும் என் மூத்த சகோதரி, என் ராத்தா. பிள்ளை பார்க்க வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வாள்.

“பாங்குச் சத்தம் கேட்டாத்தான் கண்ணைத் துறக்கிறான். நம்மட வாப்பாமாரே போர்வைக்குள்ள கிடக்கக்கொள்ள, இந்தச் சின்னன் முழிச்சிக் கிடக்கான் பாருங்க.”

ஆனால் அன்று பாங்குச் சத்தம் இல்லை. முந்தின நாள் பின்னேரம் விழுந்த இடியில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி எரிந்துபோயிருந்தது. மோதினார் வெறும் குரலில் பாங்கு சொல்லியிருப்பார். அந்தக் குரல் இரண்டு ஒழுங்கை தாண்டி எங்கள் வீட்டுக்கு வராது. என் கணவர் நவாஸ் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்பு போயிருந்தார். நான் அலாரம் வைக்கவில்லை, பழக்கத்தில் விழித்தேன். வெளிச்சம் போடுவதற்கு முன்பே அவனுடைய கால் என் முழங்கையில் உதைத்துவிட்டது. நான் எழுந்து உட்கார்ந்ததைத் தவிர அந்த அறைக்குள் வேறு எதுவும் நடக்கவில்லை.

அன்று தொழும்போது எத்தனை ரக்அத் தொழுதேன் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் ஒரு பத்திரிகைக்குப் பிரதேசச் செய்திகள் எழுதுகிறவள். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துச் செய்தி அனுப்பாதே, இரண்டாவது ஆளிடம் கேள் என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஒலிபெருக்கியைத் திருத்தும்வரை காத்திருந்தேன். திருத்திய மறுநாள் பாங்குக்கு முன்பே விழித்து, அசையாமல் படுத்திருந்தேன். பாங்கு தொடங்கியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மார் தூங்கிக்கொண்டிருந்தான். பாங்கு முடிந்தது. அவனுடைய மூச்சு மாறவில்லை. பிறகு நான் ஒரு கையை ஊன்றி எழுந்தேன். மெத்தை அமிழ்ந்து உயர்ந்தது. கண் திறந்தான். அடுத்த இரண்டு நாளும் அப்படியே.

நவாஸிடம் நான் உடனே சொல்லவில்லை. மகளிடம் கேட்டேன். ஹனாவுக்கு ஆறு வயது. தம்பியோடு விளையாடும்போது அவனை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று ஒருநாள் முழுக்கப் பார்த்தேன். உள்ளங்கையால் நிலத்தில் தட்டினாள். ஒவ்வொரு முறையும் தட்டினாள்.

“ஏன் மகள் தட்டுற?”

“பேரச் சொன்னாப் பாக்க மாட்டான் தானே.”

அதில் ஏதும் புதினம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. மறுபடி தட்டினாள். அவன் திரும்பிச் சிரித்தான்.

அவன் பிறப்பதற்கு முன்பு நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் பயம் ஏன் அந்த வேகத்தில் வந்தது என்பது விளங்காது.

என் ரத்தம் நெகட்டிவ் வகை. நவாஸுடையது பொசிட்டிவ். ஹனாவுக்கு வாப்பாவின் வகை. அவளைப் பெற்றபோது அவளுடைய ரத்தம் கொஞ்சம் என் ரத்தத்தில் கலந்தது. என் உடம்பு அதை வெளியாள் என்று எண்ணி, அதை அழிக்க ஒரு பொருளை உண்டாக்கத் தொடங்கியது. எதிர்ப்பொருள் என்பார்கள். அது உண்டாகாமல் இருக்கப் பிரசவத்துக்குப் பிறகு ஓர் ஊசி போடுவார்கள். எனக்கும் நேரத்துக்குப் போட்டார்கள். பெரும்பாலானவர்களை அந்த ஊசி காப்பாற்றும். சிலருடைய உடம்பில் ஊசிக்கு முன்பே அது தொடங்கிவிட்டிருக்கும். நான் அந்தச் சிலரில் ஒருத்தி.

அம்மார் வயிற்றில் தங்கியபோது அந்த எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே அவனிடம் போய் அவனுடைய ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கியது. கிளினிக்கில் எடுத்த ரத்தத்தில் அளவு கூடியிருந்ததைக் கண்டு கண்டிப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேனில் பிள்ளையின் மூளையில் ஓடும் ஒரு ரத்தக்குழாயைத் தேடிப்பிடித்து, ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பார்கள். சிவப்பணு குறைந்த ரத்தம் தண்ணீர் போல, வேகமாக ஓடும். அவனுடையது மிக வேகமாக ஓடியது.

“வயிற்றிலேயே ரத்தம் ஏற்ற வேண்டும்,” என்றார் சிங்கள வைத்தியர். நான் அதை நவாஸுக்குத் தமிழில் சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வைத்தியரைப் பார்த்தார்.

“யாருக்கு?” என்று கேட்டார்.

என் வயிற்றின் ஊடாக நீண்ட ஊசியை விட்டு, கொடியின் ரத்தக்குழாய்க்குள் ரத்தத்தைச் செலுத்துவார்கள். ஊசி இருக்கும்போது பிள்ளை துடித்தால் ஆபத்து. அதனால் முதலில் அவன் அசையாமலிருக்க ஒரு மருந்து. அந்த மருந்தின் வேலை சில மணித்தியாலம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும், வார்டில் திரும்பவும் படுத்தபோது வயிற்றுக்குள் இருந்த அமைதியை நான் எதற்கும் ஒப்பிடமாட்டேன். அதுவரை நாள் முழுக்க உதைத்தவன். பக்கத்துக் கட்டிலில் இருந்த மாத்தளைப் பெண் தோடம்பழம் உரித்துத் தந்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேயிருந்தேன். தாதி வந்து கருவியை வைத்து இதயத் துடிப்பைக் கேட்கச் செய்தாள். சத்தம் கேட்டது, அசைவு இல்லை. சத்தத்தை நம்ப எனக்கு முடியவில்லை. இருட்டும் நேரத்தில் இடது விலாவின் கீழே ஏதோ ஒன்று மீன் திரும்புவது போலத் திரும்பியது. அப்போதுதான் தோடம்பழத்தைத் தின்றேன்.

அப்படி மூன்று தடவை செய்தார்கள்.

முப்பத்தாறாம் கிழமையில் வெட்டி எடுத்தார்கள். வயிற்றுக்குள் இருக்கும்வரை ஒரு வசதி இருந்தது. உடைந்த அணுக்களிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு வரும். அதை என் ஈரல் கழித்துக்கொண்டிருந்தது. பிறந்த பிறகு அவனுடைய முற்றாத ஈரல் தனியாகச் செய்ய வேண்டும். செய்ய முடியாமல் அளவு கூடினால் அந்த மஞ்சள் மூளைக்குள் போய்ப் படியும். எங்கே படியும் என்று நான் கேட்டேன். காதிலிருந்து சத்தத்தைக் கொண்டுபோகும் பாதையிலும், கை கால் அசைவை ஆளும் இடத்திலும் முதலில் படியும் என்று பிள்ளை வைத்தியர் சொன்னார். அவர் ஒரு பெண்மணி. கேட்டதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்வார்.

கண்களை மறைத்துக் கட்டி நீல வெளிச்சத்தின் கீழே வைத்திருந்தார்கள். அந்த வெளிச்சம் தோல் வழியாக மஞ்சளை உடைக்கும். ஆண்களை விடாத அந்த அறைக்குள் நவாஸ் அனுமதி கேட்டுப் போனார். பிறந்த பிள்ளையின் வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் வாப்பா சொல்ல வேண்டும். பெட்டியின் வட்டக் கதவு வழியே தலையை நுழைக்க முடியாது. மூடியைத் தூக்க ஒரு தாதி உதவினாள். அவர் சொல்லி முடியும்வரை அவளும் தலை குனிந்து நின்றாள். வெளியே வந்தவர், “அசையவேயில்ல. நல்ல நித்திரை,” என்றார்.

மறுநாள் மஞ்சள் நீல வெளிச்சத்துக்கும் அடங்காமல் ஏறியது. அவனுடைய ரத்தத்தைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, வேறு ரத்தத்தைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டார்கள். அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். நவாஸ் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“என்ட ரத்தத்தாலயா இது வந்த?”

“ரெண்டு பேருடையதாலயும்.”

“ஊரில அப்பிடிக் கதைக்க மாட்டாங்க.”

எங்கள் பக்கம் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடு பெண்ணுடையது. வந்தவனின் ரத்தம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒத்துவரவில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டால் ஊர்வாய் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நாங்கள் ஊரில் ‘மஞ்சள் காமாலை’ என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

வீட்டுக்கு விடும் நாளில் காதைப் பரிசோதித்தார்கள். காதுக்குள் சிறிய குழாயை வைத்து ஒரு கருவியை அழுத்தினார்கள். சரி என்று வந்தது. இன்னொரு பரிசோதனைக்கு ஒரு வயதை ஒட்டித் திகதி தந்தார்கள். அந்தத் திகதி வர இன்னும் நாலு மாதம் இருக்கும்போதுதான் பள்ளிவாசலில் இடி விழுந்தது.

நவாஸ் கொழும்பிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ராத்தா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குப் பேப்பர் புத்திகா. எல்லாத்திலயும் பிழை தேடுற. புள்ள நித்திரை கூடின நாளா இருந்திருக்கும்.”

“மூணு நாள் பாத்தன் ராத்தா.”

“ஆஸ்பத்திரிலயே சரி எண்டு தந்தாங்கதானே. மிஷின் பொய் சொல்லுமா?”

அவள் உள்ளே வந்து அம்மாரின் தலைக்குப் பின்னால் இருந்துகொண்டு கைதட்டினாள். அவன் திரும்பினான். என்னை வெற்றியோடு பார்த்தாள். அவளுடைய முந்தானைக் காற்று அவன் கழுத்தில் பட்டதை நான் பார்த்தேன். “இன்னும் தள்ளி இருந்து தட்டுங்க,” என்றேன். கதவடியில் போய் நின்று தட்டினாள். பிறகு அடுப்படியிலிருந்து சட்டி மூடியைக் கொண்டுவந்து அகப்பையால் அடித்தாள். ஹனா காதைப் பொத்திக்கொண்டாள். அம்மார் தன் கால்விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தான்.

ராத்தா மூடியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்தாள்.

“அப்ப அவன் ஒருநாளும் பாங்கு கேக்கல்லயா?”



இரண்டாம் பரிசோதனைக்குத் திகதியை முன்னால் இழுத்துத் தந்தார்கள். அதற்குப் பிள்ளை ஆழ்ந்து தூங்க வேண்டும். வரும் வழியில் தூங்கவிட்டால் அங்கே தூங்க மாட்டான். அதனால் வரும்வரை விழித்திருக்க வைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். கல்முனையிலிருந்து கண்டிக்கு அரை நாள் பயணம். ஒரு வேன் பிடித்தோம். ராத்தாவும் ஏறிக்கொண்டாள். முகத்தில் ஊதினாள், உள்ளங்காலைக் கிச்சுகிச்சு மூட்டினாள், கண்ணாடி வளையலைக் கழற்றி அவன் முன்னே உருட்டினாள். சத்தம் போடும் கிலுக்கட்டியை ஒருதரமும் எடுக்கவில்லை. மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு மலைப் பாதையில் ஏறும்போது நவாஸ் தூங்கினார், ராத்தா வாய் திறந்தபடி தூங்கினாள். நானும் அவனும் மட்டும் விழித்திருந்தோம்.

“டிரைவர் தம்பி முழிச்சித்தானே இரிக்கீங்க?” என்று கேட்டேன்.

“ஓம் ராத்தா. இந்த வளைவில நித்திர கொண்டா எல்லாருக்கும் ஒரே நித்திரதான்.”

பரிசோதனை அறையில் அவனுடைய நெற்றியிலும் காதுகளின் பின்னாலும் மெல்லிய வயர்களை ஒட்டினார்கள். காதில் பொருத்திய குழாய் வழியே டக் டக் என்று சத்தம் போகும். சத்தத்தை நரம்பு மூளைக்குக் கொண்டுபோனால் திரையில் ஓடும் கோட்டில் சிறு மேடுகள் எழும்பும். பரிசோதிக்கும் பெண் முதலில் எனக்கு வேறொரு பிள்ளையின் படத்தைக் காட்டி விளக்கியிருந்தாள். அது அவள் செய்த உதவி. அதனால்தான் எனக்குத் திரையை வாசிக்க முடிந்தது. அம்மார் என் மடியில் தூங்கினான். கோடு ஓடியது. மேடு இல்லை. அவள் சத்தத்தைக் கூட்டினாள். பிறகு எழுந்து வந்து நெற்றி வயரை அழுத்திப் பார்த்தாள். அதைக் கழற்றிப் புதிதாக ஒட்டினாள். மறுபடி கூட்டினாள். அவனுடைய காதிலிருந்து கசிந்த சத்தம் என் காதுக்குக் கேட்கத் தொடங்கியது. இடக் காதுக்கு மாற்றினாள். முகத்தில் எதையும் காட்டாமலிருக்க அவள் பழகியிருந்தாள். வயரை மூன்றாம் முறை ஒட்டும்போது அவளுடைய விரல் தாமதித்தது.

பிள்ளை வைத்தியரிடம், முதல் பரிசோதனை பிழையா என்று கேட்டேன்.

“பிழையில்லை,” என்றார். “அது வேறு கேள்வி கேட்டது. உள்காது வேலை செய்கிறதா என்று கேட்டது. உள்காது வேலை செய்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் பாதைதான் பழுது. மஞ்சள் அங்கே தொட்டிருக்கிறது.”

“வேற எங்க தொட்டிருக்கும்?”

“அவன் வளரும்போதுதான் தெரியும்.”

அன்று தொடங்கியது இன்றும் முடியவில்லை. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் கழுத்து நின்றது, தவழ்ந்தான், நடந்தான் என்று சொல்லிச் சந்தோஷப்படும் ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு சோதனை. கை இறுகினால், அது பிடிவாதமா, அசைவை ஆளும் இடத்துப் பழுதா என்று பார்ப்பேன். சோறு புரையேறினால் விழுங்கும் தசையா என்று பயப்படுவேன். கிளினிக்கில் மணிகளை எடுத்துப் போத்தலுக்குள் போடச் சொல்வார்கள். மரக்கட்டைகளை அடுக்கச் சொல்வார்கள். அவன் கட்டையை அடுக்காமல் வைத்தியரின் பேனையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த நேரத்தில் என் வயிற்றுக்குள் பழைய அமைதி வந்து படுத்துக்கொள்ளும். நடக்கத் தொடங்கும்போது அவனுக்கு இரண்டு வயது கிட்டியிருந்தது. பிந்தியது, ஆனால் கால்கள் நேராக நடக்கின்றன என்று எழுதினார்கள்.

காதில் மாட்டும் கருவி ஆறு மாதம் மாட்டிப் பார்த்தோம். அது சத்தத்தைப் பெரிதாக்கியது. பாதை பழுதாகவே இருந்தது. கடைசியில் சத்திரசிகிச்சை செய்து, உள்காதுக்குள் மெல்லிய கம்பி ஒன்றை வைத்தார்கள். சத்தத்தை மின்சாரமாக்கி அந்தக் கம்பி நேரே நரம்பைத் தூண்டும். காதுக்குப் பின்னால் தலைமயிரோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெளிக் கருவி ஒன்றும் உண்டு. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது நவாஸ் அவனுடைய வலக் காதுக்குக் குனிந்தார். ஏதோ ஓதினார். என்ன என்று நான் கேட்கவில்லை.

கருவியை முதலில் இயக்கிய நாளில் அம்மார் அழுதான். பயத்தில் அழுதான். அழும் தன் குரலைக் கேட்டு இன்னும் அழுதான்.

ஊர் வந்த பின்னேரம் ராத்தா மஃரிப் தொழுகைக்கு முன்பே அவனைத் தூக்கிக்கொண்டு, பள்ளிவாசல் தெரியும் மதிலடியில் போய் நின்றாள். கருவியைச் சரிபார்த்தாள். பாங்கு தொடங்கியது. அம்மார் முகத்தைச் சுளித்து, காந்தத்தைப் பிய்த்தெடுத்து மணலில் எறிந்தான். ராத்தா குனிந்து தேடி எடுத்து, ஊதித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“மோதினாருக்கு மெதுவாச் சொல்லச் சொல்லோணும்கா. எங்கட புள்ளைக்குப் புதுக் காது.”

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பாங்குப் புள்ள என்று சொன்னதை நான் கேட்கவில்லை. ஒழுங்கையில் மற்றவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

இப்போது அவனுக்கு நாலரை வயது. கதைக்கிறான். வெளியாருக்குப் பாதி விளங்கும். ஹனாவுக்கு முழுதும் விளங்கும். ‘ச’ வராது, ‘த’ என்பான். பாலர் பாடசாலையில் முன்வரிசையில், வலக் காது ஆசிரியையின் பக்கம் இருக்கும்படி வைக்கிறார்கள். எழுத்தும் கணக்கும் எப்படி வரும் என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடம் போய் இரண்டு வருடமாவது ஆக வேண்டும்,” என்றார் வைத்தியர். “அதற்கு முன்பு நான் எதைச் சொன்னாலும் ஊகம்.”

ஊகத்தை எழுதக்கூடாது என்று நான் அறிவேன். ஆனாலும் சொல்லும்படி கேட்டேன். அவர் சொல்லவில்லை.

இரவில் வெளிக் கருவியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள் வைத்து மூடுகிறோம். சுபஹ் பாங்கு சொல்லும்போது அம்மார் தூக்கத்தில் இருக்கிறான். பாங்கு முடிந்து நான் கையை ஊன்றி எழும்புகிறேன். அவன் கண் திறக்கிறான்.